உயரம் கூட்டும் காலணி: அறுவை அரங்கிலும் முதல் சந்திப்பிலும் அணிந்து பார்த்தவரின் மதிப்புரை

உயரம் கூட்டும் காலணிகளைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் மதிப்புரைகள் பெரும்பாலும் கண்ணாடி முன் நின்று எடுத்த ஒரு படத்தோடு முடிந்துவிடுகின்றன. அந்தக் காலணியோடு வார்டில் ரவுண்ட்ஸ் போய், மாடிப்படி ஏறி இறங்கி, நாள் முழுவதும் நின்று வேலை பார்த்துவிட்டு, மாலையில் அதே காலணியோடு ஒரு பெண்ணைச் சந்திக்கப் போனவர் எழுதிய மதிப்புரை எதுவும் என் கண்ணில் படவில்லை. நான் பொது அறுவை மருத்துவர். வெறுங்காலில் 162 செ.மீ; திருமணமாகாதவன். எனவே இந்தப் பொருளைச் சோதிக்கத் தேவையான தகுதிகள் எல்லாம் எனக்கு உண்டு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருள் மோசமில்லை, சொன்ன வேலையை ஏறத்தாழச் செய்கிறது, ஆனால் ஓர் ஆண் மருத்துவருக்கு உயரம் உண்மையாகவே தேவைப்படும் இடங்களில் அது பெரும்பாலும் காலில் இருப்பதில்லை.

வாங்கியவை இரண்டு. ஒன்று, எந்த ஷூவுக்குள்ளும் வைத்துக்கொள்ளக்கூடிய இன்சோல்: ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் மூன்று தட்டுகள், மூன்றையும் சேர்த்தால் குதிகாலில் 6 செ.மீ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். மற்றொன்று, உட்புறத்திலேயே சரிவு வைத்துத் தைத்த தோல் ஷூ. விளம்பரத்தின்படி 7 செ.மீ. குழந்தைகள் பிரிவில் உயரம் அளக்கும் ஸ்டேடியோமீட்டர் இருப்பதால் இரண்டையும் அதிலேயே நின்று அளந்தேன். மாலை நேரத்தில் முதுகெலும்பின் வட்டுகள் அழுந்தி எல்லோருமே சுமார் 1 செ.மீ குறைந்துபோகிறோம் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் காலணி உள்ளபோதும் இல்லாதபோதும் ஒரே வேளையில் அளப்பது நல்லது. இன்சோலின் 6 செ.மீ, உடல் எடை அழுத்தியதும் 5 செ.மீக்குச் சற்றுக் குறைவாகத்தான் வந்தது. நுரைத்தட்டு அமுங்குவது ஒரு காரணம். குதிகால் மட்டும் உயர்ந்து முன்பாதம் தரையிலேயே இருப்பதால், இரண்டுக்கும் நடுவில் உள்ள கணுக்கால் முழு அளவுக்கு மேலே வராது என்பது மற்றொரு காரணம். ஷூவின் 7 செ.மீ கணக்கில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அவர்கள் வெறுங்காலிலிருந்து கணக்கிடுகிறார்கள். சாதாரண ஷூவே 2 முதல் 3 செ.மீ தருகிறது, ஆகவே நேற்றுவரை உங்களைச் சாதாரண ஷூவில் பார்த்த ஒருவருக்கு நீங்கள் கூடுதலாகத் தெரியப்போவது சுமார் 4 செ.மீ மட்டுமே.

இன்சோலில் எரிச்சலூட்டும் குறை ஒன்றுண்டு. அதன் நடுத்தட்டில் காற்று அடைத்த மெத்தை இருக்கிறது. சில வாரங்களில் ஒவ்வோர் அடிக்கும் அது மெல்லக் கீச்சிடத் தொடங்கியது. இரவுப் பணியில், விளக்கணைத்த வார்டின் நடைபாதையில், அந்தச் சத்தம் மருத்துவருக்கு முன்னால் போய் அவர் வருவதை அறிவிக்கிறது. தோல் ஷூவில் இந்தத் தொல்லை இல்லை. தையலும் பசையும் நன்றாக இருந்தன. வெளியே பார்ப்பவருக்கு உள்ளே இருக்கும் சரிவு தெரியாது. கால்சட்டையின் நீளத்தை மட்டும் புதிதாகத் தைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதைச் செய்யாவிட்டால் கணுக்கால் வெளியே தெரிந்து, வளர்ந்துவிட்ட பள்ளிச் சிறுவனைப் போல இருக்கும்.

இனி வார்டுக்கு வருகிறேன். குள்ளமான ஆண் மருத்துவர் எவரும் அறிந்த காட்சி இது: அறுவை முடிந்து வெளியே வந்து நிற்கிறோம், நோயாளியின் உறவினர்கள் நமக்குப் பின்னால் குறிப்பேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஓராண்டு அனுபவம்கூட இல்லாத, நெடிய பயிற்சி மருத்துவரைப் பார்த்து, "டாக்டர், இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்கிறார்கள். பயிற்சி மருத்துவர் சங்கடத்தோடு என்னைக் காட்டுவார். அவர்கள் பார்வையை இறக்கி என்னைப் பார்ப்பார்கள். புதிய ஷூ இதைக் குறைத்ததா என்றால், கொஞ்சம் குறைத்தது என்றே சொல்ல வேண்டும். கூட்டத்தில் யார் மூத்தவர் என்று யாரும் விசாரிப்பதற்கு முன் கண் தானாகச் செய்துகொள்ளும் கணக்கில் 4 செ.மீக்கு ஏதோ மதிப்பிருக்கிறது. ஆனால் வாய் திறந்து இரண்டு வாக்கியம் பேசிய பிறகு அந்த மதிப்பு தீர்ந்துவிடுகிறது. பிறகு அவர்களுக்கு வேண்டியது நோயாளியைப் பற்றிய செய்திதான்.

இந்தக் கணக்கு வெறும் மனப்பிரமை இல்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. திமோத்தி ஜட்ஜ், டேனியல் கேபிள் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, பாலினம், வயது, எடை ஆகியவற்றைச் சமன்செய்த பிறகும், ஓர் அங்குல உயரம் கூடுதலாக இருப்பவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 789 டாலர் அதிகமாக ஈட்டுவதைக் காட்டியது. இதைக் காலணி விற்பவர்கள் ஆசையோடு மேற்கோள் காட்டுவார்கள். அதே ஆண்டில் நிக்கோலா பெர்சிகோவும் உடன் ஆய்வாளர்களும் கண்டதை அவர்கள் மேற்கோள் காட்ட மாட்டார்கள்: வளர்ந்த ஆணின் ஊதியத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டது அவருடைய இன்றைய உயரம் அன்று, 16 வயதில் இருந்த உயரம். பதின்பருவத்தில் குள்ளமாக இருந்தவர் விளையாட்டுக் குழுக்களிலும் சங்கங்களிலும் சேராமல் ஒதுங்கியிருந்ததன் விளைவு பிற்காலத்தில் சம்பளத்தில் தெரிகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பதினாறு வயதுக்குப் பின்னோக்கிப் போய் மாட்டிக்கொள்ளும் காலணி இன்னும் விற்பனைக்கு வரவில்லை.

மருத்துவத் துறைக்கென்றே ஓர் ஆய்வும் இருக்கிறது. 2006 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், அதன் கிறிஸ்துமஸ் இதழுக்கே உரிய குறும்போடு, பார்சிலோனாவில் உள்ள பல்கலைக்கழக மருத்துவமனையின் மூத்த ஆண் மருத்துவர்களை ஒப்பிட்ட கட்டுரையை வெளியிட்டது. அறுவை மருத்துவர்களின் சராசரி உயரம் 179.4 செ.மீ, பொது மருத்துவர்களுடையது 172.6 செ.மீ. அழகிலும் முந்தியவர்கள் அறுவை மருத்துவர்களே என்று தீர்ப்பாயிற்று. சிறிய எண்ணிக்கையில், பாதி விளையாட்டாகச் செய்யப்பட்ட ஆய்வு என்பதால் இதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனால் இந்த மதிப்புரைக்குப் பயன்படும் குறிப்பொன்று அதில் இருக்கிறது: அறுவை மருத்துவர்கள் அரங்கில் அணியும், தடித்த அடிப்பாகம் கொண்ட கிளாக் காலணியோடே வெளியே நடமாடுவதால் 2 முதல் 3 செ.மீ உயரமாகத் தெரிகிறார்கள் என்று கட்டுரையாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஆக, என் துறையில் உயரக் காலணி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதற்குச் சீருடை என்று பெயர்.

அந்தக் கிளாக்கால்தான் என் தோல் ஷூவுக்கு முடிவு வந்தது. அறுவை அரங்கின் உடைமாற்றும் அறையில் வெளிக்காலணியைக் கழற்றிவிட்டு, கழுவக்கூடிய அரங்கக் காலணியை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நடைபாதையில் 169 செ.மீ உயரத்தில் வந்தவன், அரங்கின் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் 165க்கு இறங்கிவிடுகிறேன். சரி, இன்சோலையாவது கிளாக்குக்குள் வைக்கலாமே என்று பார்த்தால், கிளாக்கின் பின்புறம் ஏறத்தாழத் திறந்தது. இரண்டு தட்டு வைத்ததுமே குதிகால் விளிம்புக்கு மேலே வந்து, நடக்கும்போது காலணி தனியாகக் கழன்றுவிடுகிறது. ஈரத் தரையில் அது ஆபத்து. எனக்கு உயரம் வேண்டியிருப்பதோ அங்கேதான்.

ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திறந்த அறுவையில் மேசை ஏறத்தாழ முழங்கை மட்டத்தில் இருப்பது வசதி. சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் நிலைமை வேறு: கருவிகள் நீளமானவை, வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு நிரப்பி உப்பவைத்திருப்போம், கருவியின் கைப்பிடி முழங்கை மட்டத்தில் நிற்க வேண்டுமானால் மேசை அதைவிட நன்றாகக் கீழே இறங்க வேண்டும். மேசைக்கும் ஓர் எல்லை உண்டு, அதற்குமேல் இறங்காது. இறங்கினாலும் எதிரே நிற்கும் நெடிய உதவியாளர் கழுத்தை மடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். மேசை எனக்கு உயரமாக இருந்தால் நான் தோள்களைத் தூக்கி, முழங்கைகளை இறக்கைபோல விரித்து வேலை செய்வேன். இரண்டாவது மணிநேரத்தில் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே எரியத் தொடங்கும். இங்கே பிரச்சினை மரியாதை சம்பந்தப்பட்டதன்று, தசை சம்பந்தப்பட்டது. அதற்குத் தீர்வு தருவது, ஏறி நிற்பதற்கான, அடுக்கக்கூடிய ஒரு படிப்பலகை.

எங்கள் அரங்கில் கருவிகளை எடுத்துக்கொடுக்கும் ஸ்க்ரப் செவிலியர் நான் கை கழுவிவிட்டு வரும்போதே, "ஒன்றா, இரண்டா சார்?" என்று கேட்டுவிடுவார். ஒன்று என்றால் ஒரு பலகை, இரண்டு என்றால் அடுக்கிய இரண்டு. அந்தக் கேள்வியில் இரக்கமும் இல்லை, கேலியும் இல்லை. எந்த அளவுக் கையுறை என்று கேட்பதைப் போன்ற கேள்வி. நான் வாங்கிய இரண்டு பொருள்களோடும் ஒப்பிட்டால் இந்தப் படிப்பலகைக்குத்தான் முழு மதிப்பெண் தருவேன். குதிகாலை மட்டும் தூக்காமல் முழுப் பாதத்தையும் சமதளத்தில் உயர்த்துகிறது. எடையை முன்பாதத்தில் தள்ளுவதில்லை. காலையிலிருந்து மாலைவரை அதே உயரத்தைத் தருகிறது.

அதற்கும் குறைகள் உண்டு. குறுகிய பலகை கொடுத்தால், ஓர் அடி பின்வாங்கும்போது வெற்றிடத்தில் கால் விழும். மின்கத்தியின் மிதிகட்டை தரையிலேயே கிடந்தால், பலகைமேல் நின்றபடி காலைக் கீழே விட்டுத் துழாவ வேண்டும். மஞ்சள் மிதி வெட்டுவதற்கு, நீல மிதி இரத்தத்தை உறையச் செய்வதற்கு என்று இரண்டு இருக்கையில், பார்க்காமல் துழாவுவது நல்ல பழக்கமன்று. பலகை அகலமாக, அடிப்புறம் வழுக்காத ரப்பரோடு, மிதிகட்டையையும் சேர்த்து ஏற்றிவைக்க இடத்தோடு இருக்க வேண்டும். கொள்முதல் குழுவில் இருப்பவர்கள் இதைக் கவனித்தால் புண்ணியம் உண்டு.

மார்பு அழுத்தத்திலும் இதே கதைதான். இதயம் நின்றுபோனவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ ஆழத்துக்கு அழுத்த வேண்டும். அதற்குத் தோள்கள் கைகளுக்கு நேர் மேலே வர வேண்டும். கட்டில் உயரமாக இருந்து ஆள் குள்ளமாக இருந்தால் கையின் பலத்தால் மட்டும் தள்ளுவோம், உடல் எடை உதவிக்கு வராது, விரைவில் களைத்துவிடுவோம். இன்சோலோடு ஒருமுறை அப்படி அழுத்த நேர்ந்தது. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் நுரைத்தட்டு அமுங்கி எழுந்ததில், என் பலத்தில் ஒரு பங்கை என் காலணியே வாங்கிக்கொள்வதுபோல இருந்தது. கட்டிலை இறக்குவது அல்லது படிப்பலகையை இழுத்துப் போடுவது, இவை இரண்டுமே வேலைக்கு ஆகும் வழிகள்.

படுத்திருக்கும் நோயாளிக்கோ, நிற்கிற எல்லோரும் உயரம்தான். இன்னும் சொல்லப்போனால், மருத்துவர் நின்றுகொண்டு பேசுவதைவிடக் கட்டிலருகே உட்கார்ந்து பேசினால், செலவிட்ட நேரம் ஒன்றாகவே இருந்தும் அவர் அதிக நேரம் இருந்ததாக நோயாளிகள் கருதுகிறார்கள் என்று அறுவைக்குப் பிந்தைய நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு காட்டியிருக்கிறது. நாற்காலிக்கு இன்சோல் தேவையில்லை.

இப்போது மாலைப் பொழுதுக்கு வருகிறேன். மணத்துணை தேடும் செயலிகளில் உயரம் ஒரு வடிகட்டி. பயனர் குறைந்தபட்ச அளவைத் தேர்ந்தெடுத்தால், அதற்குக் கீழே இருப்பவர்கள் பட்டியலிலேயே வர மாட்டார்கள். வடிகட்டி உங்கள் காலணியை அறியாது; நீங்கள் தட்டச்சு செய்த எண்ணை மட்டுமே அறியும். இதைப் புரிந்துகொண்டால் இந்தப் பொருளின் எல்லையும் புரிந்துவிடும்: பட்டியலில் இடம்பிடிக்கக் காலணி உதவாது, பொய்தான் உதவும். அந்தப் பொய் பரவலானது என்பதும் தெரிந்ததே. கேட்டலினா டோமா, ஜெஃப்ரி ஹான்காக், நிக்கோல் எலிசன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இணையத்தில் துணை தேடியவர்களை நேரில் வரவழைத்து அளவுநாடாவும் எடைப்பொறியும் வைத்துச் சோதித்தார்கள். உயரம், எடை, வயது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றிலாவது உண்மைக்கு மாறாகச் சொல்லியிருந்தவர்கள் 81 சதவீதம். ஆண்கள் கூட்டிச் சொன்னது உயரத்தை. பொய்கள் பெரும்பாலும் சிறியவை, நேரில் பார்த்தால் பிடிபடாத அளவு. உயரக் காலணியின் உண்மையான வாடிக்கையாளர் இவர்தான் என்று நினைக்கிறேன்: எண்ணில் கூட்டிய 4 செ.மீயை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டியவர்.

நான் 162 என்றே போட்டிருந்தேன். மருத்துவர் என்ற சொல் ஓரளவு ஈடுகட்டுகிறது என்பதை மறுக்க மாட்டேன். குந்தர் ஹிச், அலி ஹோர்டாச்சு, டான் ஏரியலி ஆகியோர் இணையத் துணைதேடல் தரவுகளை ஆராய்ந்தபோது, குள்ளமான ஆண் நெடிய ஆணுக்கு இணையான வரவேற்பைப் பெற மிக அதிகமான வருமானம் காட்ட வேண்டியிருந்தது என்றே கண்டார்கள். ஆக, சந்திப்புகள் கிடைத்தன. குறைவாக, ஆனால் கிடைத்தன. அவற்றில் ஒன்றுக்குத் தோல் ஷூவோடு போனேன். அவர் கதிரியக்கப் பிரிவில் பணிபுரிபவர். என்னைவிட ஒரு விரற்கடை உயரம் இருப்பார். என்னைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கி, "ப்ரொஃபைலில் நீங்கள் குறைத்தா போட்டிருக்கிறீர்கள்? அப்படிச் செய்கிற ஆணை நான் பார்த்ததே இல்லையே" என்றார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பேச்சு நன்றாகவே போனது. பிறகு அவர், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் விளையாடலாம் என்றார். அந்த அரங்கில் சொந்தக் காலணியைக் கொடுத்துவிட்டுத் தட்டையான வாடகைக் காலணியை வாங்கி மாட்ட வேண்டும். மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். அவர் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "இப்போது ப்ரொஃபைல் சரியாக இருக்கிறது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்கள் தொடர்ந்து சந்திக்கவில்லை. அதற்குக் காரணம் இருவரின் இரவுப் பணி அட்டவணைகள், ஷூ அன்று. ஆனாலும் இந்தப் பொருளின் பயன் முதல் பார்வைக்கும் காலணியைக் கழற்றும் முதல் தருணத்துக்கும் நடுவில் மட்டுமே என்பதை அந்த மாலை தெளிவாகக் காட்டியது.

துணை தேடுபவர்கள் ஒருவர் மாற்றி ஒருவரோடு சில நிமிடங்கள் மட்டும் பேசிப் பார்க்கும் விரைவுச் சந்திப்புகளை ஆராய்ந்த கெர்ட் ஸ்டல்ப் குழுவினர் 2013இல் கண்ட எண்கள் சுவையானவை. பெண்கள் அதிகம் தேர்ந்தெடுத்தது தம்மைவிட 25 செ.மீ உயரமானவரை, ஆண்கள் தேர்ந்தெடுத்தது தம்மைவிட 7 செ.மீ மட்டுமே குறைந்தவரை. இந்த இடைவெளியில் 4 செ.மீ என்ன செய்துவிடும்? ஆனால் அதே ஆய்வாளர் பிரிட்டனில் குழந்தை பெற்ற இணையர்களின் தரவைப் பார்த்தபோது, ஆண் உயரமாக இருந்த இணைகள் 92.5 சதவீதம், கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக் குலுக்கி இணைத்திருந்தாலும் 89.8 சதவீதம் அப்படித்தான் அமைந்திருக்கும். வடிகட்டியில் பயங்கரமாகத் தெரியும் விருப்பம், வாழ்க்கையில் இணைந்தவர்களிடம் மூன்று சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசமாகச் சுருங்கிவிடுகிறது. எனவே சேவை என்ற வகையில் செயலியின் வடிகட்டிக்கு நான் குறைந்த மதிப்பெண்ணே தருவேன். சந்தித்துப் பேசினால் பொருட்படுத்தாத ஒன்றை, சந்திப்பதற்கு முன்பே தடையாக்கி வைப்பது அதன் வேலையாக இருக்கிறது.

காலுக்கு என்ன ஆகிறது என்பதையும் எழுத வேண்டும். குதிகால் உயர்ந்தால் எடை முன்பாதத்துக்குப் போகிறது. மாலையில் கட்டைவிரலின் அடிமேட்டில் வலி வந்தது. கெண்டைக்கால் தசை நாள் முழுவதும் சுருங்கியே இருப்பதால், வீட்டில் வெறுங்காலில் நடக்கும்போது பின்னங்கால் இழுத்தது. படி இறங்குகையில் கணுக்கால் பிசகும் வாய்ப்பும் கூடுகிறது. சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள், முன்பே குதிநாண் உபாதை உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. இதையெல்லாம்விட ஒரேயடியாக எலும்பை நீட்டிக்கொள்கிறேன் என்று கேட்பவர்களும் என்னிடம் வருகிறார்கள். எலும்பை வெட்டி நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ வீதம் விலக்கி, இடைவெளியில் புது எலும்பு வளரவைக்கும் அந்தச் சிகிச்சை, கால் நீளம் சமமில்லாதவர்களுக்குப் பெரும் வரம். தொற்று, நரம்புச் சேதம், மூட்டு இறுக்கம், மாதக்கணக்கான பயிற்சி ஆகியவற்றை ஒரு வடிகட்டிக்காக ஏற்கலாமா என்று கேட்டால், அவர்களை எலும்பு மருத்துவரிடம் அனுப்புவதற்கு முன் இன்சோலை முயன்று பார்க்கச் சொல்வேன்.

வாங்குவதானால் சில குறிப்புகள். மேடைப் பேச்சு, நேர்காணல், குழுப் படம் போன்ற ஓரிரு மணிநேர நிகழ்ச்சிகளுக்குத் தோல் ஷூ போதும், நன்றாகவே இருக்கிறது. நாள் முழுவதும் நிற்கும் வேலைக்கு 3 செ.மீக்கு மேல் போக வேண்டாம். இன்சோல் வாங்கினால் காற்று மெத்தை இல்லாத, ஒரே தட்டாக வார்த்த கெட்டியான வகையைப் பாருங்கள்; அதை வைக்கும் ஷூ கணுக்காலை மூடும் உயரத்தில், வழக்கத்தைவிட அரை அளவு பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் குதிகால் வெளியே நழுவும். தோல் ஷூவைக் காலையில் போட்டுப் பார்த்து அளவு சரி என்று முடிவு செய்யாதீர்கள். பாதம் வீங்கியிருக்கும் மாலையில் போட்டு, ஒரு மாடி இறங்கிப் பார்த்த பிறகு திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முடிவெடுங்கள்.